ஓட்டு கேட்டு நீதிபதியானவர்: சுரேந்திரன் பட்டேல் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) 2022 நவம்பர் தேர்தலில் ஜெயித்து, 2023 ஜனவரியில் 240ஆவது மாவட்ட நீதிமன்ற நீதிபதியாகப் பதவியேற்றவர் சுரேந்திரன் கே. பட்டேல். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி (சிவகாசி): பீடி சுற்றியவர் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்துக்காரர். பெற்றோர் தினக்கூலிகள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், பீடி சுற்றப் போனார். பிறகு கல்லூரியில் சேர்ந்தும் வேலையை விட முடியவில்லை. வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுத விடமாட்டோம் என்றார்கள். ஒரு வாய்ப்புக் கேட்டு வாங்கித் தேர்வு எழுதி, முதலிடத்தில் வந்தார். கோழிக்கோட்டில் சட்டம் படித்தபோது ஓட்டலில் வேலை பார்த்தார். ஊரில் வக்கீலாகக் காலூன்றிய பிறகு, நர்ஸான மனைவிக்கு அமெரிக்காவில் வேலை கிடைக்கவே 2007இல் ஹூஸ்டன் போனார். அங்கே முதலில் மளிகைக்கடை வேலை. அப்புறம் வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய டெக்சாஸ் பார் தேர்வு, ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்ட மேற்படிப்பு. 2017இல்தான் குடியுரிமை பெற்றார். ஐந்தே வருடத்தில் நீதிபதி!

கேள்வி (கோவை): நீதிபதி கட்சி சார்பில் நிற்கலாமா?

டெக்சாஸில் அப்படித்தான். நான்கு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். இவர் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய உள்தேர்தலில் பதவியில் இருந்த நீதிபதியையே தோற்கடித்தார். பிறகு குடியரசுக் கட்சி வேட்பாளரை வென்றார். நீதிபதியின் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம்.

கேள்வி (திருச்சி): அவர் கவுண்டி ஜட்ஜா?

இல்லை. கவுண்டி ஜட்ஜ் என்பவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி (சென்னை): பிரசாரத்தில் என்னதான் வாக்குறுதி தருவார்கள்?

நல்ல கேள்வி. சாலை போடுகிறேன் என்று சொல்ல முடியாது. இன்ன வழக்கில் இன்ன தீர்ப்பு தருவேன் என்று சொல்லவே கூடாது. பொதுவான சட்டப் பிரச்சினைகளில் தன் கருத்தைச் சொல்லலாம் என்று 2002இல் மினசோட்டா மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. ஆனாலும் தீர்ப்பை முன்கூட்டி விற்பது தவறுதான். ஆகவே வேட்பாளர் காட்டக்கூடியது தன் வாழ்க்கையையும் வக்கீல் அனுபவத்தையும்தான். கூலி வேலை செய்தவர் என்பதற்காக மட்டும் நான் ஓட்டுப் போடமாட்டேன். வழக்குகளை இழுத்தடிக்காமல் நடத்துவாரா, வக்கீல் வைக்க வசதியில்லாதவரை மரியாதையாக நடத்துவாரா என்று அவரோடு வாதாடிய வக்கீல்களிடம் விசாரிப்பேன்.

கேள்வி (நாகர்கோவில்): அவர் ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்தார்களாமே?

ஆமாம், அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஜெயிக்கமாட்டார் என்று சொந்தக் கட்சியிலேயே நினைத்தார்களாம். எனக்கு இது கோபத்தை வரவழைக்கிறது. அந்தக் கவுண்டியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். தடுமாறும் ஆங்கிலத்தோடு சாட்சிக் கூண்டில் நிற்கும் ஒருவரை, அதே தடுமாற்றத்தைக் கடந்துவந்த நீதிபதி பொறுமையாகக் கேட்பார் என்று நம்புகிறேன்.