செயலாளராக நிற்கலாமா? – கடிதம்

வணக்கம் ஐயா,

செந்தூலில் இருக்கிறேன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, மாலையில் நாடக ஒத்திகை. தங்கை, தோழி வேடங்களே வருகின்றன. நாடகத்தையே தொழிலாக்க ஆசை. நான் உறுப்பினராக இருக்கும் கலைஞர் சங்கத்தில் இந்த ஆண்டு செயலாளராக நிற்கச் சொல்கிறார்கள். “நாலு பேருக்குப் பேர் தெரியும், வாய்ப்பு தானா வரும்” என்கிறார் தலைவர். அம்மாவோ, “சங்கத்துக்குப் போனா சண்டைதான் மிச்சம்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எஸ்., கோலாலம்பூர்

அன்புள்ள எஸ்.,

அம்மா சொல்வதில் பாதி உண்மை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முழுக்கப் பதவிச் சண்டையில் போய், நாடகம் என்ற பேச்சே எழாமல் கலைந்த சங்கங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நில்லுங்கள். தலைவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல.

அழைப்பிதழில் செயலாளர் பெயரைப் பார்த்து எந்த இயக்குநரும் வேடம் கொடுப்பதில்லை. கூட வேலை செய்து பார்த்தவர்தான் மறுபடி கூப்பிடுவார். சங்கம் அந்த வேலைக்கு இடம் தருகிறது. நாடகம் போட மண்டபம் பிடிக்க வேண்டும், டிபிகேஎல் என்னும் கோலாலம்பூர் மாநகர் மன்றத்தில் பிரதியோடு கேளிக்கை உரிமத்துக்கு மனுப் போட வேண்டும். அப்புறம், பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும். இதெல்லாம் தெரிந்த நடிகர் நம்மிடையே மிகக் குறைவு. கணக்கு தெரிந்த நடிகை அதைவிடக் குறைவு!

ஒன்று மட்டும் விடாமல் கேட்டு வாங்குங்கள்: மேடை நிர்வாகம். பிரதியின் ஓரத்தில் பென்சிலால் “விளக்கு 14, அண்ணன் கதவைத் திறந்ததும்” என்று குறித்து, பக்கவாட்டில் நின்றபடி விளக்குக்காரருக்குச் சொல்கிற வேலை. அண்ணன் ஒரு வசனத்தை விழுங்கிவிட்டால் அந்த 14-ஆம் விளக்கு மாற்றம் எங்கே வரும் என்று அந்த நொடியிலேயே நீங்கள்தான் முடிவெடுக்க வேண்டும். முழு நாடகமும் மனதில் இருந்தால்தான் அது முடியும். தங்கை வேடத்தில் பத்து ஆண்டு இருந்தாலும் இது கிடைக்காது. ‘சிறப்பு விருந்தினர் டத்தோ இன்னும் வரவில்லை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று மண்டப வாசலிலிருந்து செய்தி வரும்போது, குறித்த நேரத்துக்குத் திரையைத் திறக்கிற துணிச்சலும் அங்கேதான் பழகும். சரி, அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது வேறு. செந்தூலில் இருக்கிறீர்கள், கேஎல்பேக் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய ரயில்வே கட்டடத்தைப் புதுப்பித்து 2005-இல் திறந்த அரங்கம், உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே. அங்கே நடக்கும் ஆங்கில, மலாய் நாடகங்களுக்கு நம் ஆட்கள் எத்தனை பேர் போகிறோம்? தமிழ் நாடகத்தை மட்டும் நம்பி இந்த ஊரில் மாதச் சம்பளம் பார்ப்பது கடினம். தனியாகப் போய் ‘ஒத்திகையைப் பார்க்கலாமா’ என்று கேட்கத் தயக்கம் இருக்கும். செயலாளர் கையெழுத்தோடு சங்கத்தின் கடிதத்தாளில், ‘எங்கள் உறுப்பினர்கள் நால்வர் தொழில்நுட்ப ஒத்திகையைப் பார்க்க விரும்புகிறார்கள்’ என்று கேட்டால் பதிலாவது வரும். அந்த நால்வரில் நீங்களும் ஒருவராக இருங்கள். கலைக்கு மானியம் தரும் செண்டானாவுக்கு மனுப் போடும்போதும் உங்கள் கணக்கு வேலை கைகொடுக்கும். செலவுப் பட்டியலில் நடிகர் சம்பளத்தை முதல் வரியாகப் போடுங்கள். நம் ஆட்கள் அதைத்தான் மறப்பார்கள்.

வேலையை இப்போதைக்கு விடாதீர்கள். மலேசிய நாடகத்தின் பெரிய இயக்குநர் கிருஷன் ஜித்தே மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் நாடகம் போட்டார். முழுநேரமாக இறங்கும் நாளில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் சுயதொழில் திட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். அதில் கலைத்துறையினருக்கும் இடம் உண்டு.

வேட்புமனு கொடுக்கும் முன் தலைவரிடம் கேளுங்கள்: வரும் ஆண்டில் எத்தனை நாடகம், நடிகருக்கு எவ்வளவு? “முதலில் குடும்ப தின விருந்து முடியட்டும், பார்ப்போம்” என்றால் செயலாளர் பதவியை வேறு யாருக்காவது விட்டுவிட்டு, செயலவையில் மட்டும் இருந்து மேடை நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.