வாசகர் கேள்வி: அந்த இரண்டு பத்திகள் எங்கே போயின?

கேள்வி: சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு, வெளிநாட்டு உதவிப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தேன். பெண்களுக்கான சிறுகடன் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்தோம். தவணை கட்டுவதற்காகவே வெளியில் வட்டிக்கு வாங்குவதாகப் பலர் சொன்னார்கள். அதைப் பற்றி நான் எழுதிய இரண்டு பத்திகளும் இறுதி அறிக்கையில் இல்லை. கேட்டதற்கு, “இது டி.ஓ.ஆரில் கிடையாது” என்றார் மேலாளர். ஆய்வில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் ஆவணம் அது. பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவதுதான் நேர்மையான வழியா, அக்கா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

இந்த வேலையில் 22 வருடம் இருந்தவள் நான். “டி.ஓ.ஆரில் கிடையாது” என்பதை நானும் கேட்டிருக்கிறேன். வருத்தம் என்னவென்றால், இளையவர்களிடம் நானே அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு மதியம். 18 பக்க வினாப்படிவம். ஒரு பாட்டி வாசல்படியில் உட்கார்ந்து, பேத்திக்குத் தலை வாரிக்கொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்ற பக்கம் வந்ததும் சீப்பு நின்றது. “போன வருஷம் வந்த பொண்ணும் இதையேதான் கேட்டுச்சு. இந்தக் காகிதமெல்லாம் எங்கம்மா போகுது?” எனக்குப் பதில் தெரியும், வாய் வரவில்லை. எங்கள் அலுவலக அலமாரிக்குப் போகிறது. அங்கிருந்து ஆங்கில அறிக்கையாகி, பணம் கொடுத்தவர்களின் தலைமையகத்துக்குப் போகிறது. அவருடைய மொழியில் ஒரு பக்கம்கூட அந்த வாசல்படிக்குத் திரும்பியதில்லை.

பெனின் நாட்டுத் தத்துவ அறிஞர் பௌலின் ஹூந்தோன்ஜி இதைக் காலனி கால வியாபாரத்தோடு ஒப்பிட்டார். அன்று மூலப்பொருள் கப்பலேறியது. இன்று தரவு ஏறுகிறது. கோட்பாடு மட்டும் வெளியிலிருந்து இறக்குமதியாகிறது. அந்தப் பாட்டியின் கேள்விக்கு அதைவிடச் சரியான பதிலை நான் இன்றுவரை கண்டதில்லை.

இனி உங்கள் கேள்வி. பல்கலைக்கழகத்துக்குள் போனால் இது தீராது. உதவிப் பணத்தை நம்பியிருக்கும் நாடுகளில் பேராசிரியர்களும் சம்பளம் போதாமல் கன்சல்டன்சிக்குத்தான் வருகிறார்கள். உகாண்டாவின் மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் சமூக ஆய்வு நிறுவனத்துக்கு 2010இல் இயக்குநராக வந்த மஹ்மூத் மம்தானி இதைத்தான் எதிர்த்தார். ஆய்வு என்றால் வாடிக்கையாளர் கொடுத்த கேள்விக்குப் பதில் தேடுவது என்றாகிவிட்டது, கேள்வியை உருவாக்குவதுதான் ஆய்வாளரின் வேலை என்றார். அங்கே அவர் முனைவர் பட்டப் படிப்பைத் தொடங்கியதும் அதற்காகத்தான்.

வெளியில் இருந்துகொண்டும் கேள்வியை நம் கையில் வைத்துக்கொள்ள முடியும். 1973இல் தொடங்கி, செனகலின் தலைநகர் டாக்கரிலிருந்து இயங்கும் ஆப்பிரிக்கச் சமூக அறிவியல் ஆய்வு மன்றமான கோடெஸ்ரியா அப்படிப்பட்ட அமைப்பு. அதற்கும் ஐரோப்பிய உதவிப் பணம் வந்திருக்கிறது. ஆனால் எதை ஆராய்வது என்பதை ஆப்பிரிக்க ஆய்வாளர்கள் தாங்களே கூடி விவாதித்தார்கள். பணம் வெளியிலிருந்து வருவதைவிட, அதோடு கேள்வியும் சேர்ந்து வருவதைத்தான் நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன்.

உங்கள் இரண்டு பத்திகளுக்காக ஒரு காரியம் செய்யுங்கள். டி.ஓ.ஆரை எடுத்து ‘இம்பாக்ட்’ (தாக்கம்) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். நிதி கொடுப்பவர்கள் பின்பற்றும், ஓ.இ.சி.டி. என்ற பணக்கார நாடுகளின் கூட்டமைப்பு வகுத்த மதிப்பீட்டு அளவுகோல்களில் அந்தச் சொல்லுக்கு உள்ள விளக்கம், நல்லது கெட்டது இரண்டையும், எதிர்பார்த்த விளைவோடு எதிர்பாராத விளைவையும் சேர்த்தே சொல்கிறது. தவணை கட்ட வட்டிக்கு வாங்குவது எதிர்பாராத விளைவு அல்லாமல் வேறென்ன? இதை மேலாளரிடம் சண்டையாகப் பேசாமல், மின்னஞ்சலில் நிதானமாக எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இருப்பதை ஒதுக்கித் தள்ளுவது அவ்வளவு சுலபமில்லை.

சொன்ன பெண்களின் பெயரோ குழுவின் பெயரோ எங்கும் வெளிவராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கடன் கிடைக்காமல் போனால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இரண்டு வரி கேட்டு வாங்குங்கள்: கள முடிவுகளைப் பதில் சொன்னவர்களிடமே அவர்கள் மொழியில் திரும்பச் சொல்ல ஒரு நாள், அடையாளம் நீக்கிய தரவை வைத்து நீங்கள் தனியாக எழுத அனுமதி. முதலாவதை நான் கேட்ட இடங்களில் பாதியிலாவது கிடைத்தது. அந்தப் பாட்டியின் ஊருக்கு மட்டும் நான் திரும்பிப் போகவேயில்லை.

கேள்வி: பத்து நாள் களப்பணிதான் கொடுக்கிறார்கள். போதுமா?
– இன்னொரு வாசகர்

பதில்: போதாது தம்பி. ஆனால் எந்தப் பத்து நாள் என்பதையாவது நீங்கள் தேர்ந்தெடுங்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் தார்ச்சாலை ஓரமாகவே பார்க்கிறார்கள், மழையில்லாத மாதங்களிலேயே வருகிறார்கள் என்று கிராம வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983இலேயே எழுதினார். பசியும் காய்ச்சலும் கடனும் சேர்ந்து வருவது பெரும்பாலும் மழைக்காலத்தில். ஐந்து நாளையாவது அதற்கு ஒதுக்குங்கள். வண்டி போகாத இடத்துக்கு நடந்தே போங்கள்.