ஃபோம் அடுக்கி மெத்தை செய்கிறவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: அடர்த்தி 40 என்றால் கெட்டி மெத்தை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். எத்தனை நாள் உழைக்கும் என்பதை அது சொல்லும். அழுத்தினால் எவ்வளவு எதிர்க்கும் என்பதைச் சொல்வது ஐ.எல்.டி. எண்; எண் கூடினால் விறைப்பும் கூடும். 40 அடர்த்தியிலேயே மெத்தென்றும் கிடைக்கும், விறைப்பாகவும் கிடைக்கும். வாங்கும்போது இரண்டையும் கேளுங்கள்.

அடர்த்தியை நீங்களே எடைபோட்டுப் பார்த்துவிடலாம். 72க்கு 36 அங்குலம், 4 அங்குலக் கனம் உள்ள ஷீட் 0.17 கன மீட்டர். 32 அடர்த்தி என்றால் சுமார் 5.4 கிலோ இருக்க வேண்டும். தராசு 4 கிலோ காட்டினால் கையில் இருப்பது 24 அடர்த்திதான். ரீபாண்டட் மட்டும் இந்த ஒப்பீட்டில் வராது. அது துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டியது. எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நான் ஒருக்களித்துப் படுப்பவன், எடை 70 கிலோ. எப்படி அடுக்குவது?

பதில்: அடியில் 6 அங்குலம் ஹெச்.ஆர். ஃபோம் (அழுத்தினால் சட்டென்று மீளும் வகை), ஐ.எல்.டி. 36 அளவில். நடுவில் 2 அங்குலம், ஐ.எல்.டி. 28. மேலே 3 அங்குலம் லேடெக்ஸ் (ரப்பர் ஃபோம்), ஐ.எல்.டி. 20. செலவு பார்த்து எல்லோரும் முதலில் கைவைப்பது நடு அடுக்கில்தான். அது இல்லையென்றால் தோள் மேலடுக்கைத் தாண்டி நேராக அடி ஃபோமில் முட்டும், கை மரத்துப்போகும். மல்லாந்து படுப்பவர்களுக்கு மேலே 2 அங்குலம் போதும், குப்புறப் படுப்பவர்களுக்கு 1.

கேள்வி: மெமரி ஃபோம் போட்டதிலிருந்து ஒரே புழுக்கம், சார்.

பதில்: உடம்பு புதைவதால் சுற்றிலும் காற்று ஓடாது. வாட்டர்ப்ரூஃப் உறை இருந்தால் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். பிறகும் தீரவில்லை என்றால் மேலடுக்கை லேடெக்ஸாக மாற்றுங்கள்.

கேள்வி: அடுக்குகளைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். இப்போது காலையில் இடுப்பு வலி.

பதில்: ஒட்டியது அவசரம். ஜிப் வைத்த இறுக்கமான உறையே அடுக்குகளை நகராமல் பிடித்துக்கொள்ளும். ஒட்டாமல் இருந்தால் நடுவையும் மேலையும் இடம் மாற்றி இரண்டு வாரம் படுத்துப் பார்க்கலாம். பசை காய்ந்த இடம் விறைத்து முதுகில் உறுத்துவதும் உண்டு.

வலிக்கு வருவோம். மெத்தையின் குறுக்கே, இடுப்பு படும் இடத்தில், நேரான ஒரு கம்பை வையுங்கள். ஆள் இல்லாதபோதே கம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி தெரிந்தால் ஃபோம் உட்கார்ந்துவிட்டது அல்லது கீழே பலகை தொய்ந்திருக்கிறது. கட்டில் பலகைகளுக்கு இடையே 3 அங்குலத்துக்கு மேல் சந்து இருக்கக்கூடாது. மெத்தை சமமாகத்தான் இருக்கிறது என்றால் மேலடுக்கு உங்கள் எடைக்கு அளவுக்கு மீறி மெத்து: இடுப்பு மட்டும் இறங்கி முதுகு வளைகிறது. கனத்தை ஓர் அங்குலம் குறையுங்கள்.

கேள்வி: ஷீட்டை வெட்ட எந்தக் கத்தி?

பதில்: நீளமான ரொட்டிக் கத்தி. ஒரே வீச்சில் அறுக்காமல், கோட்டின் மேலேயே பலமுறை இழுத்து இழுத்து ஆழமாக்குங்கள். அழுத்தினால் ஃபோம் அமுங்கி அடிவிளிம்பு கோணலாகிவிடும்.

கேள்வி: வெயிலில் காயவைக்கலாமா?

பதில்: லேடெக்ஸை வைக்கவே வேண்டாம், மஞ்சளித்து, விறைத்து, பொடியாக உதிரும். மற்ற ஃபோமுக்கும் வெயில் ஆகாது. உறையை மட்டும் வெயிலில் போடுங்கள், ஃபோம் நிழலில் காற்றாடக் கிடக்கட்டும்.