19 வயது மாணவி, ஒரு ஸ்டூடியோ, மாமாவின் கையெழுத்து

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் குடியிருக்கிறேன். என் அக்கா மகளுக்கு 19 வயது. திருச்சியிலிருந்து ஆகஸ்டில் வந்து பிராஸ் பசா பக்கம் இருக்கும் பல்கலைக்கழகத்தில் சேருகிறாள். ஹாஸ்டலில் இடம் கிடைக்கவில்லை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது. பக்கத்திலேயே பென்கூலனில் ஒரு கொண்டோ ஸ்டூடியோ (தனியார் அடுக்குமாடியில் ஓரறை வீடு) பார்த்தோம். மாதம் 2,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 12 மாத ஒப்பந்தம். அவளுக்கு 21 வயது ஆகாததால் என் பெயரில்தான் எடுக்க முடியும் என்கிறார் வீட்டு முகவர். மாணவர்களுக்கு 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' (ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேற விடும் வாசகம்) கிடையாது, இன்றைக்கே எல்ஓஐயில் (ஒப்பந்தத்துக்கு முன் எழுதும் விருப்பக் கடிதம்) கையெழுத்துப் போட்டு ஒரு மாத வாடகையை அனுப்புங்கள், இல்லையென்றால் வீடு போய்விடும் என்று நெருக்குகிறார். இன்னொரு பக்கம், கோ-லிவிங் (பகிர்ந்து வாழும் விடுதி) நிறுவனம் ஒன்று மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்த்து 2,200 வெள்ளிக்கு அறை தருகிறது. எது நல்லது? கடைசி இரண்டு மாதம் அவள் ஊருக்குப் போகும்போது தோழிக்கு உள்வாடகைக்கு விடலாமா?

பதில்: முதலில், இன்றைக்குப் பணம் அனுப்பாதீர்கள். வீடு போனால் போகட்டும். பென்கூலன், ரோச்சோர், சிலிகி வட்டாரத்தில் ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை.

வயது விஷயத்தில் முகவர் சொல்வது பழைய கதை. 2009 மார்ச் 1 முதல் சிங்கப்பூரில் 18 வயது நிறைந்தவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நிலம், வீடு தொடர்பான ஒப்பந்தங்கள் சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தம் அந்த விதிவிலக்கில் வராது. உங்கள் அக்கா மகள் தன் பெயரிலேயே கையெழுத்திடலாம், அது அவளைக் கட்டுப்படுத்தும். சம்பளம் இல்லாத பெண்ணை நம்பி வீடு கொடுக்க உரிமையாளர் தயங்கலாம், அது நியாயமான வியாபாரத் தயக்கம். அதற்குச் சட்டத்தைச் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், யார் பெயரில் எடுக்கிறோம் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. நீங்கள் வாடகைதாரர், அவள் வெறும் குடியிருப்பவர் என்று எழுதிவிட்டால் 12 மாதம், மொத்தம் 31,200 வெள்ளி, முழுக்க உங்கள் தலையில். அவளுக்கு அந்த ஒப்பந்தத்தில் எந்த உரிமையும் இருக்காது. டெபாசிட் திரும்ப வராவிட்டால் வழக்குப் போட வேண்டியதும் நீங்கள்தான். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம், பாதிதான் என் பங்கு என்று சொல்ல முடியாது. என் யோசனை: அவள் வாடகைதாரர், நீங்கள் உத்தரவாதம் தருபவர். அந்த உத்தரவாதத்துக்கும் ஒரு வரம்பு எழுதிக்கொள்ளுங்கள், மூன்று மாத வாடகைக்கு மேல் போகாது என்று. உத்தரவாதம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதால், எழுதும்போதே வரம்பையும் எழுதிவிடலாம். கேட்டால் பல உரிமையாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

அடுத்தது எல்ஓஐ. பெயர் 'விருப்பக் கடிதம்' என்பதால் ஏதோ நாகரிகத்துக்கு எழுதுவது என்று நினைத்துவிடுகிறார்கள். உரிமையாளர் அதை ஏற்றுக் கையெழுத்திட்டபின் நீங்கள் பின்வாங்கினால் கொடுத்த ஒரு மாதப் பணம் போய்விடும் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். பிறகு வரும் முழு ஒப்பந்தத்தில் புதிதாக ஏதாவது கேட்டால், 'எல்ஓஐயில் இது இல்லையே' என்பார்கள். வாடகை ஒப்பந்தம் பதினைந்து பக்கம் இருக்கலாம், பேரம் முடிவது இந்த ஒன்றரைப் பக்கத்தில். கேட்பதையெல்லாம் இதில் கேளுங்கள்.

முக்கியமாகக் கேட்க வேண்டியது, இடையில் வெளியேறும் வழி. டிப்ளமேட்டிக் கிளாஸ் சட்டம் தருவதில்லை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதுவது. மாணவர்களுக்குத் தரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஆனால் முகவர் மனமிரங்கி வழக்கமான வாசகத்தைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஏமாறாதீர்கள். 12 மாதம் முடிந்தபின் இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்பதுதான் அந்த வழக்கமான வாசகம். உங்களுடையது 12 மாத ஒப்பந்தம். கப்பல் கரைக்கு வந்தபின் கிடைக்கும் உயிர்க்காப்பு மிதவை அது. உங்களுக்குத் தேவை வேறு இரண்டு வாசகங்கள். மாணவர் அனுமதி கிடைக்காமல் போனாலோ ரத்தானாலோ, அதற்கான கடிதத்தைக் காட்டி ஒரு மாத அறிவிப்பில் வெளியேறலாம், டெபாசிட் திரும்ப வரும் என்பது ஒன்று. ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு மாத அறிவிப்புக் கொடுத்து வெளியேறலாம் என்பது இன்னொன்று. ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் இரண்டாவதுதான் கைகொடுக்கும். அப்படி வெளியேறும்போது உரிமையாளர் முகவருக்குக் கொடுத்த கமிஷனில் மீதி மாதங்களுக்கான பங்கை உங்களிடம் கேட்பது இங்கே வழக்கம். அதற்குத் தயாராக இருங்கள்.

இந்த வாசகங்கள் இல்லாமல் ஐந்தாம் மாதம் அவள் கிளம்பிவிட்டால்? மீதி ஏழு மாதத்துக்கு 18,200 வெள்ளி கேட்டுக் கடிதம் வரலாம். ஒப்பந்தம் முறிந்ததாக உரிமையாளர் ஏற்றுக்கொண்டு நஷ்டஈடு கேட்டால், வேறு ஆள் பிடித்து நஷ்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டிய பொறுப்பு அவருக்கு உண்டு. மீறினால் இவ்வளவு கட்ட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிய தொகை, உண்மையான நஷ்டத்தின் நேர்மையான மதிப்பீடாக இல்லாமல் அபராதமாக இருந்தால் செல்லாது என்பதை நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020ல் டென்கா அட்வான்டெக் வழக்கில் மறுபடி உறுதிசெய்தது. ஆனால் இவை வாதாடிப் பெற வேண்டியவை. முதல் செமஸ்டர் தேர்வு எழுதும் பெண்ணின் தலையில் ஏற்ற வேண்டிய சுமையா இது?

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனைகள். முகவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் சிஇஏவின் (சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசாங்க மன்றம்) பொதுப் பதிவேட்டில் தேடுங்கள், பதிவு எண் ஆங்கில 'ஆர்' எழுத்தில் தொடங்கும். உரிமையாளர் யார் என்பதை நில ஆணையத்தின் இணையத்தளத்தில் சில வெள்ளி கட்டித் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் பணம் போகட்டும், முகவர் கணக்குக்கு வேண்டாம். இந்த முகவர் உரிமையாளரின் ஆள் என்பதையும் மறக்காதீர்கள். ஒரே பேரத்தில் இரு தரப்பையும் பிரதிநிதிக்க அவருக்கு அனுமதி இல்லை. உங்களிடமும் கமிஷன் கேட்டால் அவரைப் பற்றிச் சிஇஏவிடம் புகார் கொடுக்கலாம்.

டெபாசிட் பற்றி. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம் என்பது வழக்கம். சில நாடுகளில் இருப்பதுபோல டெபாசிட்டை மூன்றாம் தரப்பு வைத்துக் காக்கும் ஏற்பாடு சட்டப்படி இங்கே இல்லை. பணம் உரிமையாளர் கையில். சாவி வாங்கும் நாளில் நீங்களே கூடப் போங்கள். துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவு ரப்பரை விரித்துப் பாருங்கள், கறுப்புப் பூஞ்சை அங்கேதான் ஒளிந்திருக்கும். ஏர்கானைப் போட்டுப் பத்து நிமிடம் நின்று சொட்டுகிறதா என்று பாருங்கள். தரைமேல் கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படம் எடுங்கள். எல்லாவற்றையும் அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவி, கார்த்திகைக்குப் பளிங்குத் தரையில் அகல் வைத்தாள். வட்டமாக மூன்று எண்ணெய்க் கறை. உரிமையாளர் முழு வீட்டுத் தரையையும் பாலிஷ் போட 1,400 வெள்ளி கழித்தார். கறை அவள் பொறுப்புதான், மறுக்க முடியாது. ஆனால் குடிபுகுந்த அன்றே தரை மங்கிக் கிடந்ததைக் காட்டும் படம் அவளிடம் இருந்தது. 200 வெள்ளியில் முடிந்தது.

நம்மவர்கள் கவனிக்காமல் விடும் இன்னொரு வரி, 'லேசான சமையல் மட்டும்'. லேசு என்றால் என்ன? உரிமையாளருக்கு அது முட்டை அவிப்பது. நமக்குச் சாம்பார் தாளிப்பதே லேசான சமையல்தான். ஸ்டூடியோவில் அடுப்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சுவர் கிடையாது, கடுகு வெடித்த வாசம் திரைச்சீலையில் ஏறிவிடும். தினமும் சமைப்பாள் என்பதை முன்பே சொல்லி, வெளியேறும்போது திரைச்சீலையை உலர்சலவைக்குக் கொடுத்தால் போதும் என்று எழுதி வாங்குங்கள்.

கையெழுத்தானபின் முத்திரைத் தீர்வை என்ற அரசாங்க வரி. நான்கு ஆண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. உங்கள் கணக்கில் 124 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும், வழக்கமாகக் கட்டுவது வாடகைதாரர். கட்டிய சான்றை வாங்கி வையுங்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்ட முடியாது. டெபாசிட் தகராறு வந்தால் போகவேண்டிய இடம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்கள், 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை அங்கே தீரும். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 5,000 வெள்ளிக்கு உட்பட்ட கோரிக்கைக்குத் தனிநபர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. என்னைப் போன்ற வழக்கறிஞர்களுக்கு அங்கே அனுமதி இல்லை, எனக்கு வருமானமும் இல்லை.

கோ-லிவிங் நிறுவனத்தின் தாளில் 'வாடகை ஒப்பந்தம்' என்று இருக்காது, 'உரிமம்' என்று இருக்கும். அறையை மாற்றச் சொல்லலாம், துப்புரவுக்கு உள்ளே வரலாம் என்றெல்லாம் அதில் உரிமை எடுத்துக்கொள்வார்கள். தலைப்பு என்ன சொன்னாலும் தனி அனுபவ உரிமை (மற்றவரை உள்ளே விடாமல் அறையை வைத்துக்கொள்ளும் உரிமை) யாரிடம் இருக்கிறது என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், ஆனால் அதுவும் வாதம்தான். அவர்களுடைய பலம் வேறு: குறுகிய கால ஒப்பந்தம். ஹாஸ்டல் பட்டியலில் பெயர் இருப்பதால், மூன்று அல்லது ஆறு மாதத்துக்குத் தருகிறார்களா என்று கேளுங்கள். தந்தால் இவள் விஷயத்தில் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பென்கூலன் ஸ்டூடியோ ஆறாம் மாதமும் அங்கேயே இருக்கும். ஈசூனில் உங்கள் வீட்டிலிருந்து, பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள தோபி காட் நேராக ஒரே ரயில் என்பதையும் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது குடும்ப விஷயம், நான் தலையிடவில்லை.

எதை எடுத்தாலும், அவள் வந்ததும் அசல் கடப்பிதழையும் மாணவர் அனுமதியையும் வீடு கொடுப்பவர் கேட்டுச் சரிபார்ப்பார். சந்தேகப்படுகிறார் என்று கோபிக்க வேண்டாம், குடிநுழைவுச் சட்டம் அவர் மீது சுமத்திய கடமை அது.

கடைசியாகத் தோழி. தனியார் வீட்டில் ஒருவருக்குக் குறைந்தது தொடர்ந்து மூன்று மாதத்துக்குத்தான் வாடகைக்கு விடலாம். 2017 ஜூன் 30க்கு முன் அது ஆறு மாதமாக இருந்தது. இரண்டு மாத உள்வாடகை அந்த விதியை மீறும், அபராதம் 200,000 வெள்ளி வரை போகலாம். விடுபவர் மாணவி என்பதால் விதி தளராது. உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விட்டால் ஒப்பந்தமும் முறியும், டெபாசிட்டும் போகும். அந்த இரண்டு மாத 5,200 வெள்ளியை மிச்சப்படுத்த நினைத்தால் எல்ஓஐயில் 12 என்ற இடத்தில் 10 என்று எழுதச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வாடகை கொஞ்சம் கூடலாம். மாதம் 100 வெள்ளி கூட்டினாலும் உங்களுக்கு 4,200 மிச்சம்.