சர்வீஸுக்குத் திரை கிடையாது

அன்புள்ள ஐயா,

விண்டோஸில் இரவு நேரத்தில் பேக்கப் எடுக்கும் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஒன்றை எழுதியிருக்கிறேன். கோப்புகளை நகலெடுக்க எஸ்ஹெச்ஃபைல்ஆபரேஷன் என்ற ஷெல் (விண்டோஸின் டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் பகுதி) ஃபங்ஷனை அழைக்கிறேன். என் கணினியில் கன்சோல் நிரலாக ஓட்டினால் சரியாக வேலை செய்கிறது; சர்வீஸாக நிறுவினால் பாதியில் அசையாமல் நின்றுவிடுகிறது. எந்த ஃப்ளாக் (ஃபங்ஷனின் நடத்தையை மாற்றும் குறி) கொடுக்க வேண்டும்? சர்வீஸின் அமைப்புகளில், டெஸ்க்டாப்புடன் ஊடாட அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்தால் போதும் என்கிறார் என் டீம் லீட். பல இரவுகளாகத் தூக்கமில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனால் இத்தனை இரவுகள் ஃப்ளாக்கைத் தேடிய நீங்கள், அந்த ஃபங்ஷன் யாருக்காக எழுதப்பட்டது என்று ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டாமா? திரைக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று நம்பி எழுதப்பட்டது ஷெல். கோப்பு ஏற்கெனவே இருந்தால், அதன்மேல் எழுதலாமா என்று டயலாக் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும். உங்கள் சோதனை ஃபோல்டர் காலியாக இருந்திருக்கும். அதனால் கேள்வியே எழவில்லை. டயலாக்கை அடக்கும் ஃப்ளாக்குகள் உண்டு, ஆவணத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னை உறுத்துவது அந்தப் பெட்டிதான். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், அதை டிக் செய்யும்படி நிறுவல் கையேட்டிலேயே அச்சிட்டிருந்தார்கள்; எதிர்த்துப் பேசியபோது யாரும் காதுகொடுக்கவில்லை. அன்று முதலில் லாகின் செய்யும் பயனரும் சர்வீஸ்களும் செஷன் 0 என்ற ஒரே செஷனில், அதாவது ஒரே பணிச்சூழலில், இருந்தார்கள். ஒரே டெஸ்க்டாப்பில் உள்ள எந்த நிரலும் இன்னொன்றின் விண்டோவுக்கு மெசேஜ் அனுப்பலாம்; அனுப்பியது யார் என்று அந்த விண்டோ விசாரிப்பதில்லை. ஆகவே சாதாரணப் பயனரின் நிரல்கூட, லோக்கல்சிஸ்டம் என்ற பெரும் அதிகாரமுள்ள கணக்கில் ஓடும் சர்வீஸின் விண்டோ வழியாக அதன் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற முடியும் என்பது 2002இல் 'ஷாட்டர் அட்டாக்' என்ற பெயரில் பகிரங்கமாக விளக்கப்பட்டது. அதன் பிறகு வந்த விண்டோஸ் விஸ்டாவில் செஷன் 0 சர்வீஸ்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, பயனர்கள் 1 முதலான செஷன்களுக்கு மாற்றப்பட்டார்கள். செஷன் 0இல் திறக்கும் விண்டோவைப் பயனருக்குக் காட்டித்தந்த துணைச் சர்வீஸையும் 2018இல், விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில், நீக்கிவிட்டார்கள். இன்று நீங்கள் அந்தப் பெட்டியை டிக் செய்தாலும், எவரும் பார்க்க முடியாத டெஸ்க்டாப்பில்தான் டயலாக் திறக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை மருந்தாகப் பரிந்துரைக்கும் மூத்தவர்கள் மீது எனக்கு உண்மையான கோபம் உண்டு.

ஃப்ளாக் கொடுத்து டயலாக்கை அடக்கினாலும் ஆபத்து தீராது. ஷெல்லை அழைக்கும்போது, கணினியில் யார் யாரோ நிறுவிய ஷெல் எக்ஸ்டென்ஷன்களின் (ஷெல்லோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் நிரல்கள்) டிஎல்எல் கோப்புகள் ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் நிரலுக்குள் ஏறக்கூடும். லோக்கல்சிஸ்டத்தின் அதிகாரத்தோடு ஓடக்கூடும். அவற்றை எழுதியவர்கள் சர்வீஸை நினைத்து எழுதவில்லை.

நகலெடுப்பதற்குக் காப்பிஃபைல்இஎக்ஸ் என்ற விண்டோஸ் ஃபங்ஷன் போதும். அது யாரையும் கேட்காது. தோற்றால் பிழை எண்ணைத் தரும், அதை லாகில் எழுதுங்கள். பயனரிடம் கேட்டே ஆக வேண்டுமென்றால், அவருடைய செஷனில் ஓடும் சிறு நிரல் ஒன்றைத் தனியாக எழுதி, நேம்டு பைப் (இரு நிரல்கள் தகவல் பரிமாறும் பாதை) வழியாகச் சர்வீஸுடன் பேச வையுங்கள். அந்தப் பைப்பில் யார் எழுதலாம் என்ற அனுமதியை வரையறுத்து, வரும் ஒவ்வொரு கட்டளையையும் சரிபாருங்கள். இல்லாவிட்டால் 2002இல் இருந்த ஓட்டையை உங்கள் கையாலேயே திறந்துவைப்பீர்கள்.