கோழி அடையும் நேரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கொல்லைப்புறக் கோழிகளைப் பற்றியவை. காலையில் திறந்துவிட்ட கோழி சாயங்காலம் முழுசாகத் திரும்ப வேண்டும், அதுதான் எல்லாருடைய கவலையும்.

சந்தையில் எட்டு வெடைக்கோழி வாங்கி வந்தோம். மறுநாள் காலையிலேயே மேயட்டும் என்று திறந்துவிட்டோம். சாயங்காலம் கூட்டுக்கு வந்தது மூன்றுதான். இரண்டு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் ஏறிவிட்டன, மற்ற மூன்றைக் காணோம். கூடு நன்றாகத்தான் கட்டியிருக்கிறோம், ஏன் வரவில்லை? (வாசகி, பொள்ளாச்சி)

கூட்டின் மேல் தப்பில்லைங்க, மறுநாளே திறந்ததுதான் தப்பு. கோழிக்கு வீடு என்றால் அது நேற்று ராத்திரி தூங்கிய இடம், அதற்கு முந்தின ராத்திரியும் தூங்கிய இடம். ஒரே ஒரு ராத்திரி தங்கிய இடத்தை அது வீடாக எடுத்துக்கொள்ளாது. புதிதாக வாங்கி வந்த கோழியை எட்டுப் பத்து நாளாவது கூட்டுக்குள்ளேயும், கூட்டை ஒட்டி வலை போட்ட சின்ன அடைப்புக்குள்ளேயும் வைத்துத் தீனியும் தண்ணீரும் அங்கேயே கொடுக்க வேண்டும். கத்தும், வலையை ஒட்டி அங்கும் இங்கும் நடக்கும், பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். மனசு இளகித் திறந்துவிடாதீர்கள்.

அந்தப் பத்து நாளும் தீனி போடும்போதெல்லாம் ஒரே மாதிரி குரல் கொடுங்கள். எங்கள் வீட்டில் "பா... பா... பா..." என்போம், கூடவே தகர டப்பாவில் கம்புத் தானியத்தைப் போட்டுக் குலுக்குவோம். எந்தச் சத்தமாக இருந்தாலும் சரி, மாற்றாமல் இருந்தால் போதும். பதினோராம் நாள் முதன்முதலாகத் திறக்கும்போது காலையில் திறக்காமல், இருட்ட ஒரு மணி நேரம் இருக்கும்போது, மதியத் தீனி போடாத பசி வயிற்றோடு திறந்துவிடுங்கள். கூட்டைச் சுற்றியே கிளறும், தூரம் போக அதற்கு நேரம் இருக்காது. வெளிச்சம் குறையும் நேரத்தில் டப்பாவைக் குலுக்கி, தீனியைக் கூட்டுக்குள்ளேயே போடுங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்துவிட்டு, அப்புறம் அரை மணி அரை மணியாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கிராமத்தில் "கோழி அடையுற நேரம்" என்று ஒரு பொழுதுக்கே பெயர் உண்டு. மங்கின வெளிச்சத்தில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் கண் தெரியும்போதே உயரமான, பழகிய ஓர் இடத்தைத் தேடி ஏறிவிடும். காட்டுக்கோழி மரக்கிளையில் தூங்கும் இனம், அந்தப் பழக்கம் வீட்டுக்கோழியை விட்டும் போகவில்லை. உங்கள் கூட்டுக்குள் தரைதான் இருக்கிறது, ஏறி உட்காரக் கம்பு இல்லை என்றால், முருங்கைக் கிளைதான் அதற்கு நல்ல இடமாகத் தெரியும். தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி உயரத்தில், கால் விரல் மடங்கிப் பிடிக்கிற தடிமனில் ஒரு கம்பைக் குறுக்கே கட்டுங்கள். ஒரு கோழிக்கு ஒரு சாண் இடம் வேண்டும், இல்லாவிட்டால் தினமும் சாயங்காலம் தள்ளுமுள்ளுதான், தள்ளப்பட்ட கோழி கோபித்துக்கொண்டு வெளியே போய்விடும்.

மரத்தில் இருக்கும் இரண்டைக் கல்லெறிந்து விரட்டாதீர்கள். நன்றாக இருட்டியபிறகு ஏணி வைத்து ஏறி, இரண்டு கையாலும் இறக்கையோடு சேர்த்துப் பிடித்தால் சத்தமில்லாமல் வரும். கொண்டுபோய்க் கூட்டில் கம்பின் மேல் வைத்துவிடுங்கள், இனி பத்து நாள் கழித்துத்தான் மற்றவற்றோடு அவற்றுக்கும் வெளியே வழி. காணாமல் போன மூன்றையும் நாளை விடிகாலையில் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் குரல் கொடுத்துத் தேடுங்கள், வேலியோரப் புதரில்தான் அநேகமாக ஒண்டியிருக்கும்.

கூட்டைச் சுற்றிக் கோழிவலை அடித்திருக்கிறேன். அப்படியும் போன மாதம் இரண்டு கோழி போய்விட்டது. ஒன்று பட்டப்பகலில், ஒன்று ராத்திரியில். எது பிடிக்கிறது, எப்படித் தடுப்பது? (வாசகர், மேலூர்)

பகலில் வந்தது கீரியாகவோ நாயாகவோ இருக்கும், ராத்திரி வந்தது மரநாயாக இருக்கலாம். கீரி பகலில் நடமாடும், மரநாய் இருட்டினபிறகு ஓட்டுக்கூரை, மரக்கிளை வழியாக வரும். குஞ்சு மட்டும் சுவடே இல்லாமல் காணாமல் போனால் பருந்து, வல்லூறு, காக்கா மேல் சந்தேகப்படலாம். தெருநாய் புகுந்தால் தின்பதற்கு மேல் கடித்துப் போடும், நாலைந்து கோழி சிதறிக் கிடக்கும்.

மெல்லிய கம்பியில் அறுகோண ஓட்டையோடு வரும் கோழிவலை, கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், வெளியே இருப்பதைத் தடுக்காது. நாய் இழுத்தால் கிழியும், கீரி கிழிசல் வழியாகவே நுழையும். கூட்டுக்கு மட்டுமாவது அரை அங்குல ஓட்டையுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) போட்டுவிடுங்கள். அதையே தரையில் ஓர் அடி வெளிப்பக்கமாக மடித்துப் படுக்கவைத்து மேலே கல்லும் மண்ணும் போட்டால், தோண்ட வருவது கம்பியில் நகம் பட்டுத் திரும்பிப் போகும். கதவுக்குச் சும்மா சாத்தும் கொக்கி போதாது, நாதாங்கி போட்டு அதற்குள் ஓர் ஆணியையும் செருகிவையுங்கள்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். ஒரு கார்த்திகை மாத மழைநாளில் கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு, எப்படியும் அதுகளாக உள்ளே போய் அடைந்திருக்கும், வந்து சாத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அதுகளும் ஒழுங்காக அடைந்துதான் இருந்தன. ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தபோது கூடு முழுக்க ஈர இறகு, கம்பின் மேல் ஒரே ஒரு கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது, கீழே ஆறு கிடந்தன. தப்பிய அந்தச் சிவப்புச் சிறுவிடைக் கோழி (சிறுவிடை என்பது ஒரு நாட்டுக்கோழி வகை) அதற்கப்புறம் ஒரு மாசம் முட்டையே இடவில்லை. அன்றிலிருந்து கோழி அடைந்து கால் மணி நேரத்துக்குள் எண்ணிப் பார்த்துச் சாத்தாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை.

பகல் மேய்ச்சலுக்கு எது வேண்டும் என்றால், ஒளிய இடமும் ஒரு சேவலும். வெட்டவெளியில் கோழியை விடாதீர்கள். செம்பருத்தி, கறிவேப்பிலை, கொஞ்சம் அடர்ந்த மல்லிகைப் புதர், ஒன்றுமில்லாவிட்டால் நாலு கல்லின் மேல் ஒரு பழைய தகரம், எதுவானாலும் இருபது முப்பது அடிக்குள் ஓடி நுழைய ஓர் இடம் இருக்கட்டும். எட்டுப் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். சேவல் கொடுக்கும் எச்சரிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? தரையில் நாயோ பூனையோ வந்தால் "கொக் கொக் கொக்" என்று விடாமல் சத்தம் போடும். வானத்தில் பருந்து என்றால் நீளமாக, மெலிசாக ஒரே ஒரு குரல். அதைக் கேட்டதும் கோழிகள் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்துவிட்டு, அப்படியே புதருக்குள் போய் அசையாமல் நிற்கும். சேவல் இருந்தால் காவலுக்கு ஆள் வைத்த மாதிரிதான்.

கண்ணியோ விஷமோ மட்டும் வைக்காதீர்கள். கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் உயிர். தவிர, அது நம் கொல்லையில் பாம்பையும் எலியையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எலிக்கு வைக்கும் விஷமும் வேண்டாம், செத்த எலியைக் கோழி கொத்தும்.

பக்கத்து வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறுகிறது என்று தினமும் சண்டை. இறக்கையை வெட்டலாமா? (வாசகர், திருவள்ளூர்)

வெட்டலாம், ஒரு பக்க இறக்கையின் நுனியில் இருக்கும் பத்து நீள இறகுகளை மட்டும். முளைத்துக்கொண்டிருக்கும் இறகின் தண்டில் ரத்தம் இருக்கும், அதில் கத்தரி படக் கூடாது. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைக்கும்போது திரும்ப வந்துவிடும். ஆனால் எனக்கு இதில் மனசு ஒப்புவதில்லை, நாய் துரத்தும்போது எம்பிப் பறக்க முடியாத கோழி மாட்டிக்கொள்ளும். நாலு குச்சி நட்டு அவர்கள் பாத்திக்கு நீங்களே வலை கட்டிக் கொடுங்கள், வாரம் நாலு முட்டையும் கொடுங்கள்.

திறந்துவிட்டால் முட்டையை எங்கோ போய் இடுகிறது. போன வாரம் வைக்கோல் போரில் பதினேழு முட்டை எடுத்தோம். (வாசகி, மணப்பாறை)

கோழி பெரும்பாலும் காலையில்தான் முட்டையிடும். பத்து மணிக்கு மேல் திறந்துவிட்டுப் பாருங்கள், பாதிப் பிரச்சினை தீரும். கூட்டின் இருட்டான மூலையில் அகலமான மண்சட்டியில் வைக்கோல் போட்டு, ஒரே ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவையுங்கள். அந்த முட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எது பழசு என்று குழம்பாது. போரில் எடுத்த பதினேழையும் தண்ணீரில் போடுங்கள், மிதப்பதைத் தூர எறியுங்கள். ஒரு கோழி மட்டும் ராத்திரி அடைய வராமல், பகலில் ஒரு முறை வந்து அவசரமாகத் தின்றுவிட்டு ஓடினால், அது எங்கோ அடை உட்கார்ந்திருக்கிறது. பின்னாலேயே போய் இடத்தைக் கண்டுபிடித்து, இருட்டினபிறகு முட்டையோடு தூக்கிக் கூட்டுக்கு மாற்றுங்கள். இருபத்தொரு ராத்திரி வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் கோழிக்கு எந்தக் காவலும் கிடையாது.

தாயோடு பதினொரு குஞ்சு இருக்கிறது. எப்போது மேய விடலாம்? (வாசகர், அறந்தாங்கி)

முதல் பத்துப் பதினைந்து நாள் பஞ்சாரத்துக்குள் (கவிழ்த்து வைக்கும் மூங்கில் கூடை) தாயையும் குஞ்சையும் சேர்த்தே கவிழ்த்துவையுங்கள், பகலில் இளவெயில் படும் இடத்துக்கு மாற்றி மாற்றி. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், குஞ்சு விழுந்தால் மூழ்காது. அப்புறம் சாயங்கால வேளையில் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் திறக்கலாம். புறா அளவு வளரும் வரைக்கும் காக்காயிடம் கவனம் வேண்டும்.

மேய விடுவதற்கு முன்னால் தடுப்பு மருந்தை முடித்துவிடுங்கள், ஊர் சுற்றுகிற கோழிக்குப் பருந்தைவிட வெள்ளைக்கழிச்சல் நோய்தான் (கோழிக்கழிச்சல் என்பதும் இதுதான்) பெரிய எமன். வந்துவிட்டால் மருந்து கிடையாது, ஒரு தெருவே காலியாகும். ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடக்கும், அப்போது பெரிய கோழிகளையும் கூடையில் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

நகரத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் சின்ன இடம்தான், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். நாலு கோழிதான். பகல் முழுக்க அடைத்துவைப்பது பாவமில்லையா? (வாசகி, தாம்பரம்)

ஆள் இல்லாத வீட்டில் திறந்துவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல். வலை அடைப்புக்குள் நிழலும் தண்ணீரும் இருக்கட்டும், ஒரு மூலையில் சாம்பல் கலந்த காய்ந்த மண்ணைக் குவித்து வையுங்கள், அதில் புரண்டு குளித்துக்கொள்ளும், பேனும் அண்டாது. ஒரு கட்டுக் கீரையைக் கொத்த எட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் பாதிப் பகல் அதிலேயே போகும். தெர்மாகோல் துண்டு, கம்பித்துண்டு, ஸ்டேப்ளர் பின் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது, கோழி எல்லாவற்றையும் கொத்திப் பார்க்கும். நீங்கள் அலுவலகத்திலிருந்து வந்து டீ குடிக்கும் அந்த ஒரு மணி நேரம் திறந்துவிட்டு, கூடவே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளுங்கள். இருட்டத் தொடங்கியதும் வயசான கோழி முதலில் போகும், மற்ற மூன்றும் வாசலில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போய்விடும்.