கன்டெய்னர் வீட்டுக்கு மரம் வாங்கப் போகிறீர்களா?

பழைய 20 அடி கன்டெய்னரை வாங்கி மனையில் இறக்கிவிட்டேன். உள்ளே மரச்சட்டம் அடித்து சீலிங் போட்டால் ஃபேன் மாட்ட உயரம் போதாது என்கிறார் ஆசாரி. என்ன செய்யலாம்? (செங்கல்பட்டு)

பணம் கொடுப்பதற்கு முன்பே டேப் பிடித்திருக்க வேண்டும். சாதாரண கன்டெய்னரின் உள் உயரம் ஏறக்குறைய 7 அடி 10 அங்குலம்தான். ஹை கியூப் ரகம் இதைவிட ஒரு அடி உயரம். இனி சுவர் ஃபேன்தான் வழி.

மரக்கடையில் 3-க்கு 2 அங்குலச் சட்டம் என்று கன அடிக் கணக்கில் பில் போட்டார்கள். வீட்டில் அளந்தால் 2¾-க்கு 1¾. கேட்டால் "இழைப்பில் போனது, இதுதான் வழக்கம்" என்கிறார்கள். (திருவள்ளூர்)

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இந்த 'வழக்கத்தை' நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கணக்கைப் பாருங்கள். 3-க்கு 2, பத்தடி நீளம் என்றால் 60-ஐ 144-ஆல் வகுக்க 0.417 கன அடி. உங்கள் கைக்கு வந்தது 0.334. ஐந்தில் ஒரு பங்கு மரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு மரத்தைக் கொடுக்கவில்லை. இழைப்புக் கூலியைத் தனியாகவும் வாங்கினார்களா என்று பில்லைப் பாருங்கள். இழைத்தால் சேதாரம் இருக்கும், சரி. அதை வாங்குபவரிடம் முன்னாலேயே சொல்லி, கைக்கு வரும் அளவையும் பில்லில் எழுத வேண்டாமா?

நஷ்டம் காசோடு போவதில்லை. சுவரில் அடிக்கும் இரண்டு பலகைகளின் ஓரம் ஒரே சட்டத்தில் சேரும் இடத்தில், அந்த 1¾ அங்குலத்தில் ஒவ்வொன்றுக்கும் முக்காலே அரைக்கால் (⅞) அங்குலம்தான் கிடைக்கும். திருகு கொஞ்சம் விலகினாலும் ஓரம் பிளந்துவிடும்.

டேப் வைத்து போட்டோ எடுங்கள். பில் நகலோடு கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

துறைமுகப் பக்கம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் மலிவாகக் கிடைக்கிறது. சட்டத்துக்கு வாங்கலாமா? (திருவொற்றியூர்)

முத்திரையைப் பாருங்கள். கதிர் போன்ற குறிக்குப் பக்கத்தில் 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, படுக்கிற அறைக்கு வேண்டாம். 'எச்.டி.' என்றால் சூடேற்றியது, வாங்கலாம். ஆனால் அந்தச் சூடு அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சியைத்தான் கொன்றது. நாளைக்கு வரும் கரையானுக்கு போராக்ஸ்-போரிக் கரைசலை நீங்கள்தான் அடிக்க வேண்டும்.

710 என்று அச்சடித்த பிளைவுட்டை நம்பலாமா? (ஆவடி)

அச்சை மட்டும் நம்பாதீர்கள். ஐ.எஸ். 710 என்பது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம். அதே அச்சோடு நான் வாங்கிய பலகை ஒரே மழைக்காலத்தில் ஓரம் உப்பி, ஏடு ஏடாகப் பிரிந்தது. பலகையில் இருக்கும் சி.எம்/எல் எண்ணை (உரிம எண்) இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டு, உரிமம் யார் பெயரில், எந்தப் பொருளுக்கு என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

கான்ட்ராக்டர் வெளியிலிருந்து இரும்புச் சுவரைத் துளைத்துச் சட்டங்களை முடுக்கியிருக்கிறார். மழையில் ஒவ்வொரு திருகிலும் ஒழுகுகிறது. மீதிப் பணம் கேட்டு நெருக்குகிறார். (எண்ணூர்)

கொடுக்காதீர்கள். சுமார் 2 மி.மீ. தகட்டில் ஓட்டை போட்டால் தண்ணீரும் வரும், துருவும் வரும். தரையிலும் மேலேயும் ஓடும் கட்டைகளுக்கு நடுவே சட்டத்தை நிறுத்தியிருந்தால், சுவரைத் தொடவே தேவையில்லை. துளைகளை வெல்டிங் வைத்து அடைத்து, பெயின்ட் அடித்து, ஒரு மழை தாங்கிய பிறகு பேசலாம் என்று எழுத்தில் அனுப்புங்கள். அதுவரை மீதிப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.